மீனில் ஹிஸ்டமைன் அளப்பது எப்படி: வெட்டுப்பலகை முதல் அறிக்கை வரை

கெட்ட மீனில் உருவாகி, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தலைவலி வரச்செய்யும் பொருள் ஹிஸ்டமைன். அதன் சோதனையில் எண் இடித்தால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது, கரைசலிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியைத்தான். பெரும்பாலும் அதன்மீது பழியில்லை. மீனை எந்த இடத்தில் வெட்டினார்கள், உறைமீனை எப்படி இளக்கினார்கள், நியமப் பொருளின் (அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருள்) உப்பு எடையைக் கணக்கில் சேர்த்தார்களா, அமிலத்தைச் சரியாகச் சமன் செய்தார்களா என்று பார்த்தால் தவறு அங்கே எங்கேயாவது கிடக்கும். அதனால் இங்கே கருவியைப் பற்றிக் குறைவாகவும், அதற்கு முந்தைய வேலையைப் பற்றி அதிகமாகவும் சொல்லியிருக்கிறோம்.

உணவில் உருவாகும் உயிரியல் அமைன்கள் பல. டைரோசினிலிருந்து டைரமைன், ஆர்னித்தினிலிருந்து புட்ரெசின், லைசினிலிருந்து கடாவரின், ஹிஸ்டிடினிலிருந்து ஹிஸ்டமைன் என்று, அமினோ அமிலத்தின் கார்பாக்சில் தொகுதியை பாக்டீரியாவின் நொதி கழற்றிவிடும்போது இவை பிறக்கின்றன. மீனில் சட்டம் எல்லை விதித்திருப்பது ஹிஸ்டமைனுக்கு மட்டுமே. சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி போன்றவற்றின் தசையில் கட்டற்ற ஹிஸ்டிடின் மிகுதி. மார்கனெல்லா மார்கனி போன்ற பாக்டீரியாக்கள் மீன் சூடாகக் கிடக்கும் சில மணி நேரத்திலேயே அதை ஹிஸ்டமைனாக மாற்றிவிடும். ஒருமுறை உருவான ஹிஸ்டமைன் கொதிக்க வைத்தாலும், டின்னில் அடைத்து உயரழுத்தத்தில் வேகவைத்தாலும், உறைய வைத்தாலும் போகாது. மணம், நிறம் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அளந்துதான் ஆகவேண்டும்.

எந்த எண்ணோடு ஒப்பிடப் போகிறீர்கள்

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2073/2005 விதி ஒரு சரக்கிலிருந்து 9 மாதிரிகள் கேட்கிறது. ஒன்பதின் சராசரி கிலோவுக்கு 100 மி.கி.யைத் தாண்டக்கூடாது, இரண்டு மாதிரிகள் வரை 100க்கும் 200க்கும் இடையில் இருக்கலாம், ஒன்றுகூட 200ஐத் தாண்டக்கூடாது. உப்புநீரில் நொதிப் பக்குவம் செய்த மீனுக்கு இந்த எண்கள் 200, 400 என்று இரட்டிப்பாகின்றன. மீன் சாறு என்றால் ஒரே மாதிரி, எல்லை 400. கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரங்களில் கெட்டுப்போனதற்கான அடையாளம் 100, பாதுகாப்பு எல்லை 200. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நெடுங்காலம் 50 பி.பி.எம். (கிலோவுக்கு மி.கி. என்பதே) என்று வைத்திருந்தது, 2021 இறுதியில் வெளியிட்ட வரைவில் அதை 35 ஆக்கியது.

200 என்ற எண் வந்த வழி எளிது. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 2012இல் கூட்டிய நிபுணர் குழு, ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு வேளையில் 50 மி.கி. வரை தீங்கு தெரிவதில்லை என்று கொண்டது. ஒருவர் ஒரு வேளைக்கு 250 கிராம் மீன் உண்பார் என்று வைத்தால் கிலோவுக்கு 200 மி.கி.

ஆக, உங்கள் முறை 10 மி.கி./கிலோவை உறுதியாக அளக்கவேண்டும், 400 வரை நேர்கோட்டில் நிற்கவேண்டும். இதற்குக் கோடி ரூபாய்க் கருவி தேவையில்லை.

மாதிரி எடுப்பது

ஹிஸ்டமைன் மீன் முழுக்க ஒரே அளவில் பரவியிருப்பதில்லை. குடலுக்கும் செவுளுக்கும் அருகிலுள்ள தசையில் அதிகம், வால் பக்கம் குறைவு என்பது பொதுப்போக்கு. பெரிய சூரையில் வால்துண்டை வெட்டி அனுப்பிவிட்டு ‘தேறியது’ என்று எழுதுவது சோதனையே ஆகாது. பெரிய மீனில் தலைப்பக்க, வயிற்றுப்பக்கத் தசையிலிருந்து சுமார் 250 கிராம் எடுங்கள். மத்தி, நெத்திலி என்றால் தலையும் குடலும் நீக்கி, மீதி முழுவதையும் அரைத்துவிடலாம்.

ஒரே சரக்கிலும் மீனுக்கு மீன் வேறுபாடு பயங்கரமாக இருக்கும். ஒன்பது மீனில் எட்டு மீன் தலா 12 மி.கி./கிலோ, ஒன்று மட்டும் 310 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதையும் தனித்தனியாகச் சோதித்தால் சரக்கு தோற்கிறது, 310 என்பது 200க்கு மேல். அதே ஒன்பதையும் சேர்த்து அரைத்து ஒரே மாதிரியாகச் சோதித்தால் வருவது 45; சரக்கு தேறிவிடுகிறது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தலைவலி வருவது அந்த ஒரு மீனால்தான். செலவைக் குறைக்கச் சேர்த்து அரைத்தே ஆகவேண்டும் என்றால் எல்லையையும் அதே விகிதத்தில் வகுத்துக்கொள்ளுங்கள்: மூன்று மீனை ஒன்றாக்கினால் 50 என்ற எல்லை 17 ஆகிவிடும். அமெரிக்க நிர்வாகத்தின் வழிகாட்டி 18 மீனை ஆறு கூட்டு மாதிரிகளாக்க இப்படித்தான் அனுமதித்தது. ஐரோப்பிய விதிக்கு இந்தக் குறுக்குவழி செல்லாது, ஏனென்றால் ஒவ்வொரு தனி மதிப்பும் அங்கே தேவைப்படுகிறது.

உறைமீனை மேசையில் வைத்து இரவு முழுக்க இளக்காதீர்கள். பாக்டீரியா செத்தாலும் அது விட்டுப்போன, ஹிஸ்டமைனை உருவாக்கும் டிகார்பாக்சிலேஸ் நொதி உறைபதனத்தைத் தாங்கும். இளகியதும் வேலையைத் தொடரும். பிளாஸ்டிக் பையில் போட்டு 4 டிகிரியில் பாதி இளகவிட்டு, கத்தி இறங்கும் அளவுக்கு இறுகியிருக்கும்போதே வெட்டி அரைத்துவிடுங்கள். பையில் தேங்கும் நீரைக் கொட்டக்கூடாது. ஹிஸ்டமைன் நீரில் எளிதாகக் கரையும், அதனால் அந்தச் சாற்றோடு அதுவும் வெளியேறும். நீரையும் சேர்த்தே அரையுங்கள். டின் மீனிலும் இதே சிக்கல் உண்டு. உப்புநீரில் அடைத்த சூரையில் ஹிஸ்டமைனின் ஒரு பங்கு நீருக்குப் போயிருக்கும். வடித்த மீனா, டின்னில் உள்ளது முழுவதுமா என்பதை முன்பே முடிவுசெய்து அறிக்கையில் எழுதவேண்டும்.

அரைத்த விழுதைச் சிறு பொட்டலங்களாக்கி −20 டிகிரியில் வையுங்கள். அரைக்கும் இயந்திரத்தை மாதிரிக்கு மாதிரி கழுவுங்கள். கிலோவுக்கு 300 மி.கி. ஹிஸ்டமைன் உள்ள மீன் அரைத்த கிண்ணத்தில் ஒட்டிய இரண்டு கிராம் விழுது அடுத்த 100 கிராம் மாதிரியில் கிலோவுக்கு 6 மி.கி. ஏற்றிவிடும்.

கரைசல்கள்

0.4 மோலார் பெர்குளோரிக் அமிலம்: 70 விழுக்காட்டு அமிலம் 34.4 மி.லி.யை 1 லிட்டராக நீரில் நிரப்பவும். இந்தச் செறிவு துல்லியமாக இருக்கவேண்டும். ஏன் என்பது கீழே வரும். அடர் பெர்குளோரிக் அமிலம் கரிமப் பொருளோடு சேர்ந்து உலர்ந்தால் வெடிக்கும். சிந்தினால் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடாதீர்கள். நிறைய நீர்விட்டுக் கழுவுங்கள். மர அலமாரியில் வைக்கவேண்டாம், எந்தச் சாற்றையும் வறள ஆவியாக்க வேண்டாம். இது ஒத்துவராத ஆய்வகங்கள் 5 விழுக்காட்டு டிரைகுளோரோஅசிடிக் அமிலத்துக்கு மாறிக்கொள்ளலாம். அப்போது சமன்செய்யும் காரத்தின் அளவை மறுபடி கணக்கிட வேண்டும்.

டான்சில் குளோரைடு (அமைன்களோடு ஒட்டி அவற்றைக் கருவிக்குத் தெரியவைப்பது): அசிட்டோனில் மி.லி.க்கு 10 மி.கி. அன்றன்றைக்குக் கரைக்கவும், பழுப்புக் குப்பியில் வைக்கவும். நல்ல கரைசல் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்கும். ஈரம் பட்டால் நீராற்பகுப்படைந்து வெளிறிப்போகும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த டப்பாவை அறை வெப்பத்துக்கு வருமுன் திறப்பதுதான் ஈரம் புகும் வழி.

இவை தவிர 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, தெவிட்டிய சோடியம் பைகார்பனேட், 25 விழுக்காட்டு அம்மோனியா, எச்.பி.எல்.சி. தர அசிட்டோனைட்ரைல், உள்நியமமாக (ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவில் சேர்க்கும் ஒப்பீட்டுப் பொருள்) 1,7-டைஅமினோஹெப்டேன். பொட்டாசியம் ஹைட்ராக்சைடை மாற்றாகப் பயன்படுத்தினால் பொட்டாசியம் பெர்குளோரேட் வெள்ளைப் படிவாக இறங்கும்.

நியமக் கரைசலில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஹிஸ்டமைன் கடையில் டைஹைட்ரோகுளோரைடு உப்பாகவே வருகிறது. உப்பின் மூலக்கூறு எடை 184.07, ஹிஸ்டமைனின் எடை 111.15. ஆகவே 100 மி.லி.யில் மி.லி.க்கு 1 மி.கி. ஹிஸ்டமைன் வேண்டுமானால் நிறுக்கவேண்டியது 165.6 மி.கி. உப்பு. 100 மி.கி. உப்பை நிறுத்துவிட்டு ‘1 மி.கி./மி.லி.’ என்று லேபிள் ஒட்டினால் உங்கள் எல்லா முடிவுகளும் 1.66 மடங்கு உயரும். உண்மையில் 73 உள்ள நல்ல மீன் 120 என்று வந்து திருப்பி அனுப்பப்படும். மற்ற அமைன்களையும் அளப்பதானால் அதே 100 மி.லி.க்கு டைரமைன் ஹைட்ரோகுளோரைடு 126.6 மி.கி., புட்ரெசின் டைஹைட்ரோகுளோரைடு 182.7 மி.கி., கடாவரின் டைஹைட்ரோகுளோரைடு 171.4 மி.கி. புட்டியின் சான்றிதழில் தூய்மை 98 என்றிருந்தால் அதையும் வகுத்துக்கொள்ளவும். இவை ஈரம் உறிஞ்சும், உலர்ப்பானில் வைத்து எடுத்தபின் விரைவாக நிறுக்கவும். நியமக் கரைசல்களை எல்லாம் 0.4 மோலார் பெர்குளோரிக் அமிலத்திலேயே தயாரியுங்கள்; நீரில் வேண்டாம்.

பிரித்தெடுத்தல்

அரைத்த மீன் 5.00 கிராமை 50 மி.லி. பாலிபுரொப்பலீன் குழாயில் நிறுத்து, உள்நியமக் கரைசல் (1 மி.கி./மி.லி.) 250 மைக்ரோலிட்டரை நேரடியாக மீன்மேல் விடவும். அப்போதுதான் பிரித்தெடுத்தலில் ஏற்படும் இழப்பை அது காட்டும். கடைசியில் சேர்த்தால் வெறும் பைப்பெட் திருத்தம்தான். 0.4 மோலார் அமிலம் 20 மி.லி. சேர்த்து ஹோமோஜினைசரில் ஒரு நிமிடம் அடிக்கவும். 3000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி, தெளிந்ததை வடிகட்டி 50 மி.லி. குடுவையில் சேர்க்கவும். அடியில் தங்கிய கசடை இன்னொரு 20 மி.லி. அமிலத்தில் மறுபடி அடித்து, சுழற்றி, அதையும் சேர்த்து 50 மி.லி. வரை அமிலத்தால் நிரப்பவும். இரண்டாம் முறையை விட்டுவிடத் தோன்றும். கசடில் பிடித்திருக்கும் நீரிலேயே கணிசமான பங்கு மாட்டிக்கொள்ளும் என்பதால் விடாதீர்கள்.

மத்தி போன்ற கொழுப்பு மீனில் சுழற்றியபின் மேலே கொழுப்புப் படலம் மிதக்கும். 4 டிகிரியில் சுழற்றினால் அது இறுகி ஆடையாக நிற்கும். பக்கவாட்டில் துளைத்து அடியிலுள்ள சாற்றை எடுக்கலாம்.

இந்த நீர்ப்பில் மீனிலுள்ள 100 மி.கி./கிலோ சாற்றில் 10 மைக்ரோகிராம்/மி.லி. ஆகிறது. எனவே நியம வரிசை 0.5, 1, 2.5, 5, 10, 20, 40 மைக்ரோகிராம்/மி.லி.; ஒவ்வொன்றிலும் உள்நியமம் 5 மைக்ரோகிராம்/மி.லி. பத்தால் பெருக்கினால் மீனின் மதிப்பு.

டான்சில் ஏற்றுதல்

ஹிஸ்டமைனுக்கு 254 நானோமீட்டரில் சொல்லும்படியான உறிஞ்சல் கிடையாது. பொருள்களைப் பிரிக்கும் குழாயான நிரலிலும் சரியாகத் தங்காது, முன்னணியிலேயே ஓடிவிடும். டான்சில் தொகுதியை ஒட்டவைத்தால் இரண்டு குறையும் தீரும்.

மூடியுள்ள குழாயில் சாறு (அல்லது நியமம்) 1 மி.லி., 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 200 மைக்ரோலிட்டர், தெவிட்டிய பைகார்பனேட் 300 மைக்ரோலிட்டர், டான்சில் குளோரைடு கரைசல் 2 மி.லி. இந்த வரிசையில் விட்டுக் கலக்கவும். இருட்டில், 40 டிகிரியில், 45 நிமிடம். பிறகு அம்மோனியா 100 மைக்ரோலிட்டர் சேர்த்து அறை வெப்பத்தில் 30 நிமிடம் வைத்தால் மிஞ்சிய டான்சில் குளோரைடு அழிந்துவிடும். அசிட்டோனைட்ரைலால் 5 மி.லி.க்கு நிரப்பி, கலக்கி, 2500 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றவும். உப்புகள் அடியில் படியும். மேலே உள்ளதை 0.45 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தி, குப்பியில் நிரப்பவும்.

அமிலச் செறிவில் கறார் காட்டியதற்குக் காரணம் இங்கே தெரியும். 1 மி.லி. சாற்றில் 0.4 மில்லிமோல் அமிலம். 200 மைக்ரோலிட்டர் 2 மோலார் காரத்தில் 0.4 மில்லிமோல். சரிக்குச் சரி. அமிலம் கொஞ்சம் கூடுதல் என்றால் அமைன்கள் புரோட்டான் ஏற்றி நிற்கும், டான்சில் ஒட்டாது. கார் ஓட்டுபவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதுபோல, இங்கே குழாயைக் கண்ணால் பாருங்கள்: பைகார்பனேட் விட்டதும் குமிழ் பொங்கினால் அமிலம் மிச்சமிருக்கிறது என்று பொருள். மேலே போகாமல் கார அளவைச் சரிபார்த்து, புதிய குழாயில் தொடங்குங்கள்.

உள்நியமம் இருக்கிறதே, எல்லாவற்றையும் அது சரிசெய்துவிடும் என்று நம்பவேண்டாம். டைஅமினோஹெப்டேன் நேர்ச்சங்கிலி டைஅமைன். ஹிஸ்டமைனில் ஒரு டான்சில் பக்கச்சங்கிலி அமைனிலும் இன்னொன்று இமிடசோல் வளையத்திலும் ஏறவேண்டும். வினை பாதியில் நின்றால் இரண்டும் ஒரே விகிதத்தில் குறையாது.

அமினோ அமிலங்களும் டான்சிலைத் தின்னும். சாதாரண மீனில் 20 மி.கி. டான்சில் குளோரைடு தாராளம். மீன் சாறு, நன்கு நொதித்த கருவாடு போன்றவற்றில் கட்டற்ற அமினோ அமிலம் மிக அதிகம் என்பதால் 5 கிராமுக்குப் பதில் 1 கிராம் எடுங்கள். சந்தேகமிருந்தால் அதே சாற்றை ஐந்து மடங்கு நீர்த்து (நீர்ப்பதும் 0.4 மோலார் அமிலத்தால்தான்) மறுபடி செய்யவும், கணக்கிட்ட முடிவு கூடினால் முதல்முறை டான்சில் போதவில்லை.

கருவியில்

சி18 நிரல், 250 × 4.6 மி.மீ., 5 மைக்ரான், 40 டிகிரி. ஓட்டம் நிமிடத்துக்கு 1 மி.லி., செலுத்துவது 20 மைக்ரோலிட்டர், அலைநீளம் 254 நானோமீட்டர். கரைசல் ‘அ’ 0.1 மோலார் அம்மோனியம் அசிட்டேட், ‘ஆ’ அசிட்டோனைட்ரைல். 50 விழுக்காடு ‘ஆ’வில் தொடங்கி 20 முதல் 25 நிமிடத்தில் 90க்கு ஏற்றி, சில நிமிடம் அங்கேயே வைத்துப் பிசுக்கைக் கழுவி, 50க்கு இறக்கி 10 நிமிடம் நிலைப்படுத்தவும்.

வழக்கமான வரிசை: டிரிப்டமைன், ஃபீனைல்எத்திலமைன், புட்ரெசின், கடாவரின், ஹிஸ்டமைன், உள்நியமம், டைரமைன், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின். அவற்றுக்கு முன்னால் வரும் பெரிய பீக் (வரைபடத்தில் எழும் முகடு) டான்சில் அமைடு, அம்மோனியா தந்தது. கடாவரினும் ஹிஸ்டமைனும் அடுத்தடுத்து வருவதால் நிரல் வயதாகும்போது முதலில் ஒட்டிக்கொள்வது இவைதான். கெட்ட மீனில் கடாவரின் ஏராளமாக இருக்கும். அதன் தோளில் ஹிஸ்டமைன் உட்கார்ந்தால் பரப்பளவு பொய்யாகக் கூடும். ஒவ்வொரு தொகுப்பின் தொடக்கத்திலும் கலவை நியமத்தை ஓட்டி இந்த இரண்டுக்கும் இடையிலான பிரிவு 1.5க்குக் குறையவில்லை என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கணக்கு: ஹிஸ்டமைன் பீக்கை உள்நியமப் பீக்கால் வகுத்த விகிதத்தை நியமக் கோட்டில் வைத்தால் செறிவு வரும். 7.3 மைக்ரோகிராம்/மி.லி. வந்து, நிறுத்த மீன் 5.02 கிராம் என்றால், 7.3 × 50 ÷ 5.02 = 72.7 மி.கி./கிலோ. நேர்கோட்டின் தொடர்புக்கெழு 0.999 என்று மகிழ்ந்து நிற்காமல், 0.5, 1 ஆகிய கீழ்ப்புள்ளிகளைக் கோட்டில் திருப்பிப் படித்துப் பாருங்கள். 40 என்ற மேல்புள்ளி கோட்டை இழுத்துக்கொண்டு போய், கீழே 30 விழுக்காடு பிசகியிருப்பது அடிக்கடி நடக்கும். எடையிட்ட நேர்கோடு (1/செறிவு) போட்டால் சரியாகும்.

நம்பலாமா என்று சோதிப்பது

ஒவ்வொரு தொகுப்பிலும் வெறும் அமிலம் ஒன்று, ஹிஸ்டமைன் இல்லை என்று முன்பே கண்ட மீன் ஒன்று, அதே மீனில் 100 மி.கி./கிலோ அளவுக்கு ஹிஸ்டமைன் ஏற்றியது ஒன்று, ஏதாவது ஒரு மாதிரியின் இரட்டை ஒன்று. ஏற்றியதில் 90 முதல் 107 விழுக்காடு திரும்பக் கிடைக்கவேண்டும், 10 மி.கி. அளவில் 80 முதல் 110 வரை ஏற்கலாம். ஹார்விட்ஸ் சூத்திரப்படி 100 மி.கி./கிலோவில் ஆய்வகங்களுக்கு இடையே எதிர்பார்க்கும் சிதறல் 8 விழுக்காடு, 10இல் சுமார் 11. உங்கள் சொந்த இரட்டைகளின் சிதறல் இதைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்கவேண்டும்.

திரும்பக் கிடைத்தது குறைந்தால் எங்கே தேடுவது? ஹிஸ்டமைன் குறைந்து உள்நியமமும் குறைந்தால் பெரும்பாலும் காரம் அல்லது பழைய டான்சில். உள்நியமம் சரியாக இருந்து ஹிஸ்டமைன் மட்டும் குறைந்தால் வினை முடியவில்லை; வெப்பத்தையும் நேரத்தையும் பாருங்கள். 40 டிகிரி என்று தொட்டியின் முகப்பு காட்டும், குழாய்க்குள் 34 இருக்கும். நியமங்களும் மாதிரிகளும் எல்லாமே ஒரே விகிதத்தில் பிசகியிருந்தால் உப்பு எடைக்குத் திரும்புங்கள். மாறாக, வெறும் அமிலத்தில் ஹிஸ்டமைன் இடத்தில் பீக் வந்தால் ஹோமோஜினைசர் தண்டைக் கழற்றிக் கழுவவேண்டும். அதன் உள்குழலில் மீன் சிக்கியிருக்கும்.

எச்.பி.எல்.சி. இல்லாதவர்களுக்கு

பகுப்பாய்வு முறைகளை வெளியிடும் ஏ.ஓ.ஏ.சி. அமைப்பின் 977.13 என்ற ஒளிர்வு முறை இன்றும் நம்பகமானது, செலவும் குறைவு. மீன் 10 கிராமை 50 மி.லி. மெத்தனாலில் அடித்து, 60 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, குளிரவிட்டு, 100 மி.லி.க்கு நிரப்பி வடிகட்டவும். ஹைட்ராக்சைடு வடிவிலுள்ள டௌவெக்ஸ் 1-எக்ஸ்8 பிசின் 8 செ.மீ. உயரம் நிரப்பிய சிறு நிரலில் 1 மி.லி. விட்டு, நீரால் கழுவி இறங்குவதை, 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மி.லி. உள்ள 50 மி.லி. குடுவையில் பிடித்து நிரப்பவும். அதில் 5 மி.லி.யோடு 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி., 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 3 மி.லி., ஐந்து நிமிடத்துக்குள் 0.1 விழுக்காட்டு ஆர்த்தோதாலால்டிஹைடு 1 மி.லி. மிகச் சரியாக 4 நிமிடம் கழித்து 3.57 நார்மல் பாஸ்பாரிக் அமிலம் 3 மி.லி. தூண்டல் 350, உமிழ்வு 444 நானோமீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்குள் படித்துவிட வேண்டும்.

இந்த முறையின் உயிர் அந்தப் பிசின். ஹிஸ்டிடின் கார நிலையில் எதிர்மின்னூட்டம் பெற்றுப் பிசினில் மாட்டிக்கொள்ளும், ஹிஸ்டமைன் கடந்துபோகும். பிசின் களைத்துவிட்டால் ஹிஸ்டிடினும் இறங்கி, புதிய மீனிலும் ஒளிர்வு காட்டும். நல்ல மீன்கள் எல்லாமே திடீரென 20, 30 என்று காட்டத் தொடங்கினால் மீனைக் குறைசொல்லாமல் பிசினை மாற்றுங்கள். நிரல் வறளவும் கூடாது. 4 நிமிடத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துச் செய்வதென்றால் ஒரே நேரத்தில் ஆறு குழாய்க்கு மேல் எடுக்காதீர்கள்.

எலைசா (எதிர்ப்பொருளை வைத்துச் செய்யும் தட்டுச் சோதனை), பட்டைச் சோதனை, ஹிஸ்டமைன் டிஹைட்ரோஜினேஸ் நொதிக் கிட்டுகள் துறைமுகத்துக்கும் ஆலைக்கும் ஏற்றவை. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் பதில். எலைசாவில் முதலில் அசைல் ஏற்றும் படி ஒன்று உண்டு. அது நழுவினால் தட்டு முழுக்கப் பொய். டைஅமைன் ஆக்சிடேஸை நம்பும் கிட்டுகள் புட்ரெசினுக்கும் கடாவரினுக்கும் பதில் சொல்லும் என்பதால் கெட்ட மீனில் கூடுதலாகக் காட்டும். கிட்டில் 50க்கு மேல் காட்டியதை எல்லாம் எச்.பி.எல்.சி.க்கு அனுப்புவது என்ற உள்விதி வைத்துக்கொள்வது நல்லது. எல்லைக்கு அருகிலுள்ள சரக்கைக் கிட்டை வைத்து விடுவிப்பது சரியில்லை. ஐ.எஸ்.ஓ. 19343:2017 தரமே எச்.பி.எல்.சி. முறைதான், வழக்கு என்று வந்தால் பேசப்போவது அதுவே.

எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். (நிரலில் பிரித்து, அயனியின் நிறையை வைத்து அளக்கும் கருவி) இருந்தால் டான்சில் தேவையில்லை. ஹிஸ்டமைனை 112இலிருந்து 95க்கும் 68க்கும் போகும் அயனி மாற்றங்களில் பார்க்கலாம். டைரமைன் 138இலிருந்து 121. சாதாரண சி18 நிரலில் தங்காது என்பதால் நீரில் எளிதாகக் கரையும் பொருள்களைத் தங்கவைக்கும் ஹிலிக் நிரல் வேண்டும். உப்பு மீன் சாறு அயனியாதலை அமுக்கிவிடும். டியூட்டீரியம் ஏற்றிய ஹிஸ்டமைன் உள்நியமம் இல்லாமல் இதில் இறங்கவேண்டாம்.

பாலாடைக்கட்டி, ஒயின்

பாலாடைக்கட்டியில் தேடுவது பெரும்பாலும் டைரமைன். மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பு மருந்து சாப்பிடுவோருக்கு இது இரத்த அழுத்தத்தை ஏற்றும். மேலே சொன்ன அதே முறை பொருந்தும். கொழுப்பு அதிகம் என்பதால் குளிரில் சுழற்றும் படி கட்டாயம். ஒயினில் பிரித்தெடுத்தல் வேண்டாம், நீர்த்து நேரடியாக டான்சில் ஏற்றலாம். சிவப்பு ஒயினின் பாலிஃபீனால்களை முதலில் பாலிவினைல்பாலிபைரோலிடோன் தூளால் பிடித்து நீக்கவேண்டும்.

மீனில் மற்ற அமைன்களையும் அளந்திருந்தால் மீட்ஸ், கார்மாஸ் இருவரும் 1977இல் டின் சூரைக்கு முன்வைத்த குறியீட்டைக் கணக்கிடலாம்: ஹிஸ்டமைன், புட்ரெசின், கடாவரின் கூட்டுத்தொகையை, ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் கூட்டுத்தொகையோடு 1 சேர்த்து வரும் எண்ணால் வகுக்கவேண்டும். 1க்குக் கீழ் நல்லது, 10க்கு மேல் கெட்டது. டின்னில் போகும் முன் மீன் எப்படி இருந்தது என்பதற்கு இது சாட்சி. சட்ட எல்லைக்கு மாற்று அல்ல.

அறிக்கை

ஒன்பது மாதிரிக்கும் ஒன்பது எண்களைத் தனித்தனியாகத் தாருங்கள், சராசரியை அடுத்த வரியில். ‘ஹிஸ்டமைனாக’ என்று எழுதுங்கள். உப்பாக அல்ல என்பது படிப்பவருக்குத் தெரியட்டும். அளவீட்டு ஐயப்பாட்டைச் சேருங்கள்: 190 ± 20 என்பதும் 190 என்பதும் வாங்குபவருக்கு ஒன்றல்ல. 150க்கு மேல் வந்த எதையும் புதிதாக நிறுத்து, முதலிலிருந்து இன்னொருமுறை செய்தபின்பே கையெழுத்திடுங்கள். மறுசோதனைக்கு −20 டிகிரியிலுள்ள பொட்டலத்தைத் திறக்கவும். மேசையில் மிச்சம் கிடக்கும் விழுது கூடாது. அமிலச் சாறு 4 டிகிரியில் ஒரு வாரம் தாங்கும், அமிலத்தில் நொதி வேலை செய்யாது. ஆனால் டான்சில் ஏற்றிய குப்பியை அன்றைக்கே ஓட்டி முடித்துவிடுங்கள்.